27500-ஆம் போர்ட்டில் யார்?

1994 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் சேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். இணையத்தில் எந்தச் சேவைக்கு எந்த எண் என்று சொல்லும் பட்டியல் அது. இருநூறு பக்கங்களைத் தாண்டும். ஆர்எஃப்சி 1700 என்ற பெயரில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கோப்புகளை அனுப்பிப் பெற 21, தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழையும் டெல்நெட்டுக்கு 23, மின்னஞ்சலுக்கு 25, வலைத்தளங்களுக்கு 80. அலுவலகப் பதிவேடு மாதிரி வரிசையாகப் போகும் அந்தப் பட்டியலில் 666-ஆம் எண்ணுக்கு நேரே ‘டூம்’ என்றும், ‘ஐடி சாஃப்ட்வேர்’ என்றும் எழுதியிருக்கும். நரகத்திலிருந்து வரும் பேய்களைச் சுட்டு வீழ்த்தும் கணினி விளையாட்டு அது. 666 என்பது விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிய இளைஞர்களின் மனநிலை நமக்கு எளிதில் புரிகிறது.

ஆனால் 1993 டிசம்பர் 10 அன்று வெளியான டூமுக்கு இணையத்தின் மொழியே தெரியாது. அது பேசியது ஐபிஎக்ஸ். நாவெல் நிறுவனத்தின் அலுவலக வலையமைப்புகளில் ஓடிய நெறிமுறை. பின்னால் 1997 டிசம்பரில் டூமின் மூல நிரல் பொதுவெளிக்கு வந்தபோது அதிலிருந்த இணைய போர்ட்டும் 666 இல்லை, 5029. பதிவேட்டில் ஓர் எண், நிரலில் வேறோர் எண். இந்த இடைவெளியிலேயே நல்ல கதை ஒன்று இருக்கிறது. அதற்கு முன் போர்ட் எண் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஐபி முகவரி ஒரு தகவல் பாக்கெட்டைக் கணினி வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். கலெக்டர் அலுவலகத்தின் முகவரி கையில் இருந்தால் மட்டும் போதாது, பட்டாவுக்கு எந்தக் கவுண்டர், சாதிச் சான்றிதழுக்கு எந்தக் கவுண்டர் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கவுண்டர் எண்தான் போர்ட். யுடிபி என்ற நெறிமுறையை 1980 ஆகஸ்டில் போஸ்டல் மூன்றே பக்கங்களில் எழுதி முடித்தார். அதன் தலைப்பகுதி மொத்தமே எட்டு பைட். அனுப்புபவரின் போர்ட், பெறுபவரின் போர்ட், நீளம், பிழை சரிபார்க்கும் எண் ஆகிய நான்குக்கும் தலா இரண்டு பைட். இரண்டு பைட்டில் 0 முதல் 65,535 வரை எழுதலாம். போர்ட் எண்ணின் உலகம் அவ்வளவுதான்.

போர்ட்டைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பெறுபவரின் எண்ணையே சொல்கிறோம். வலைத்தளம் என்றால் 80, மின்னஞ்சல் என்றால் 25. அனுப்புபவருக்கும் ஒரு போர்ட் எண் உண்டு என்பது பேச்சில் வருவதில்லை. நூறு பேர் ஒரே சர்வருடன் பேசும்போது இந்தப் பாக்கெட் யாருடையது என்று சர்வர் பிரித்து அறிவது அனுப்புபவரின் ஐபி முகவரியையும் அவருடைய போர்ட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான். விளையாட்டு நிரலாளர்களைத் திணறடித்தது இந்த இரண்டாவது எண்.

பழைய எண்களில் 21, 23, 25 என்று ஒற்றைப்படையாகவே வருவதற்கும் காரணம் இருக்கிறது. யுடிபியின் துணை நெறிமுறையான டிசிபி வருவதற்கு முன், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த நெறிமுறையில் இணைப்பு ஒருவழிப் பாதை. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு எண்கள் தேவைப்பட்டன. ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை. டிசிபியில் ஒரே எண்ணில் இரு திசையும் நடந்ததால் இரட்டைப்படைகள் வேலையிழந்தன, ஒற்றைப்படைகள் தங்கிவிட்டன. யூனிக்ஸ் கணினிகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க ரூட் என்ற தலைமைக் கணக்கின் அதிகாரம் வேண்டும். ஒரு விளையாட்டு சர்வரை 666-இல் ஓட்ட வேண்டுமானால் பல்கலைக்கழகக் கணினியின் முழு அதிகாரத்தையும் அதன் கையில் கொடுக்க வேண்டும். எந்த நிர்வாகி சம்மதிப்பார்? விளையாட்டுகளின் எண்கள் எல்லாம் ஆயிரங்களில் இருப்பதன் பின்னால் இந்த நடைமுறை இருக்கிறது. டூமின் 5029-ம் நிரலில் ‘பயனருக்கு விடப்பட்ட எல்லை’யான 5000-உடன் 29-ஐக் கூட்டி வந்த எண்தான்.

டூமுக்கு முன்பே பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் இணையத்தில் இருந்தன. எழுத்தாலேயே ஆன மட் விளையாட்டுகள் அவை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் 1978-இல் தொடங்கி வைத்த மரபு. 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஆஸ்ப்னெஸ் எழுதிய டைனிமட் 4201-இல் காத்திருந்தது. 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிக்குமட் 4000-இல். டெல்நெட் நிரலைத் திறந்து சர்வரின் பெயரையும் இந்த எண்ணையும் தட்டினால் உள்ளே போய்விடலாம். மட் ஆட்டக்காரர்கள் சர்வரின் பெயரோடு போர்ட்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

மட்டுக்கு டிசிபி பொருந்தியது. டிசிபி ஒவ்வொரு பைட்டையும் வரிசை மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவற்றை நிறுத்தி வைக்கும். “வடக்கே போ” என்று எழுதிவிட்டு அரை விநாடி காத்திருப்பதில் யாருக்கும் இழப்பில்லை. ஓடுகிறவரைச் சுடும் ஆட்டத்தில் அரை விநாடிக்கு முன் எதிரி நின்ற இடம் எதற்கு உதவும்? தொலைந்த பாக்கெட் தொலைந்ததாகவே இருக்கட்டும், அடுத்ததைக் கொடு என்பதுதான் அங்கே நியாயம். பெர்க்லியில் பிறந்த நெட்ரெக் என்ற விண்வெளிப் போர் விளையாட்டு முதலில் டிசிபியில் ஓடி, பிறகு யுடிபியையும் சேர்த்துக்கொண்டது இந்தக் காரணத்துக்காகத்தான். அதன் எண் 2592.

டூமுக்குத் திரும்பலாம். ஐபிஎக்ஸிலும் போர்ட் போன்ற ஓர் எண் உண்டு. அங்கே அதற்கு சாக்கெட் என்று பெயர். டூமின் சாக்கெட் பதினாறடிமான எண்ணில் 869சி, நாம் எண்ணும் முறையில் 34,460. நிரலில் இதுவே டூமின் அதிகாரபூர்வ சாக்கெட் என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள். நால்வர் ஆடும்போது ஒவ்வொருவர் கணினியும் விநாடிக்கு 35 முறை தன் ஆட்டக்காரர் எந்த விசையை அழுத்தினார் என்று மற்ற மூவருக்கும் சொல்லும். எல்லோருடைய தகவலும் வந்து சேர்ந்தால்தான் ஆட்டம் ஒரு நொடித்துணுக்கு நகரும். மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்புவதைவிட வலையமைப்பிலுள்ள எல்லோருக்கும் ஒரே பாக்கெட்டை ஒலிபரப்பிவிடுவது எழுதச் சுலபம். முதல் பதிப்பு அப்படித்தான் செய்தது. விளைவு, விளையாடாத கணினிகளும் விநாடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளை வாங்கி, பிரித்துப் பார்த்து, நமக்கில்லை என்று தூக்கியெறிய வேண்டி வந்தது. கணக்குத் துறையில் ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார். வேறு அறையில் நால்வர் டூம் ஆடுவார்கள். இவர் கணினி மந்தமாகும். கார்னகி மெலன் உட்படப் பல இடங்களில் நிர்வாகிகள் தடை அறிவித்தார்கள். 1994 பிப்ரவரியில் வந்த 1.2 பதிப்பு ஒலிபரப்பைக் கைவிட்டு உரியவருக்கு மட்டும் அனுப்பத் தொடங்கியது.

ஐபிஎக்ஸ் ஒரு கட்டடத்துக்குள் நன்றாக ஓடும், இணையத்தைக் கடக்காது. ஐபிஎக்ஸ் பாக்கெட்டை அப்படியே ஒரு யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பினால்? இந்த யோசனையை நாவெல்காரர்களே 1991-இல் ஆர்எஃப்சி 1234-ஆக எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு ஒதுக்கிய போர்ட் 213. அலுவலகக் கிளைகளை இணைக்கவே அவர்கள் அதை எழுதினார்கள். 1995-இல் ‘காலி’ என்ற மென்பொருள் அதே உத்தியை விளையாட்டுக்காரர்களிடம் கொண்டுபோனது. உன் விளையாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே கட்டடம். அந்தக் கட்டடத்தை நான் உலகம் முழுக்க விரிக்கிறேன் என்பதுதான் அதன் வேலை. அது பதிவு செய்துகொண்ட 2213 இன்றும் பட்டியலில் இருக்கிறது. பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ், ஐபிஎக்ஸை இணையம் வழியே அனுப்ப 213-ஐத்தான் பயன்படுத்துகிறது.

டூமை உருவாக்கியவர்களிடமிருந்து 1996 ஜூனில் வந்த குவேக், யுடிபியை நேரடியாகப் பேசியது. அதன் போர்ட் 26000. ஏன் 26000? நினைவில் நிற்கும் முழு எண் என்பதைத் தவிர நிரலில் வேறு விளக்கம் எதுவும் கிடையாது. ஆனால் 26000-இல் நடந்தது அறிமுகம் மட்டுமே. ஆட வருகிறேன் என்று ஒருவர் கேட்டதும் சர்வர் அவருக்கென்று புதிதாக ஒரு போர்ட்டைத் திறந்து, இனி அந்த எண்ணில் பேசு என்று பதில் சொல்லும். ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு போர்ட். கணினி அறிவியல் பாடத்தில் பார்த்தால் ஒழுங்கான வடிவமைப்புதான். ஃபயர்வால் வைத்திருக்கும் நிர்வாகிக்கோ எந்த எண்ணைத் திறப்பது என்று முன்கூட்டித் தெரியாது. வீட்டிலிருந்து ஆடுகிறவருக்கும் தொல்லை வந்தது. அவருடைய ரவுட்டர் இவர் 26000-உடன் பேசியதைப் பார்த்திருக்கும். சம்பந்தமில்லாத புதிய எண்ணிலிருந்து திடீரென்று ஒரு பாக்கெட் வந்தால் அதை உள்ளே விடாது.

அந்த வருடமே இன்னொரு சிக்கலும் தெளிவாகத் தெரிந்தது. குவேக்கை எழுதிய ஜான் கார்மாக்கும் அவருடைய சகாக்களும் அதை வேகமான இணைப்புகளில் சோதித்தார்கள். வாங்கியவர்கள் 28.8 கிலோபிட் மோடம் வழியே ஆடினார்கள். அதில் விநாடிக்கு அதிகபட்சம் 3,600 பைட் போகும். ஐபி தலைப்பகுதி 20 பைட், யுடிபி தலைப்பகுதி 8 பைட். விநாடிக்கு 20 பாக்கெட் என்றால் தகவல் எதையும் எழுதுவதற்கு முன்பே 560 பைட் செலவு. மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. டிசிபி தலைப்பகுதியைச் சில பைட்டாகச் சுருக்கும் உத்தி ஒன்றை வான் ஜேக்கப்சன் 1990-லேயே கண்டுபிடித்திருந்தார். யுடிபிக்கு அது பொருந்தவில்லை. ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலை.

1996 டிசம்பரில் கார்மாக் வெளியிட்ட குவேக்வேர்ல்ட் இந்த இரண்டுக்கும் விடை. ஆட்டக்காரரின் நகர்வை சர்வர் சொல்லும்வரை காத்திருக்காமல் அவருடைய கணினியே முன்கூட்டி ஊகித்துக் காட்டும். சர்வரின் பதில் வந்ததும் திருத்திக்கொள்ளும். இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். போர்ட் விஷயத்தில் அது செய்த மாற்றம்தான் எனக்கு அதைவிட வியப்பாக இருக்கிறது. ஆளுக்கொரு போர்ட் என்ற முறை போனது. அறிமுகம், ஆட்டம், விடைபெறுதல் எல்லாம் சர்வரின் ஒரே எண்ணில்: 27500. ஆட்டக்காரரின் பக்கம் 27001. எந்தெந்த சர்வர்கள் ஓடுகின்றன என்று சொல்லும் தலைமை சர்வருக்கு 27000.

பதினாறு பேரின் பாக்கெட்டுகளும் ஒரே எண்ணில் வந்து விழுந்தால் எது யாருடையது? அனுப்புபவரின் முகவரியும் போர்ட்டும் பார்த்துப் பிரிக்க வேண்டியதுதான். இணையம் தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் விதி. அந்த விதி உடைந்துகொண்டிருந்த நேரத்தில் குவேக்வேர்ல்ட் வந்தது.

உடைத்தது நேட். உலகத்தில் ஐபி முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற கவலையில் 1994 மே மாதம் ஆர்எஃப்சி 1631-இல் விவரிக்கப்பட்ட தற்காலிக ஏற்பாடு அது. வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் எல்லாக் கணினிகளும் ஒரே வெளி முகவரியின் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் இரண்டு கணினிகளில் குவேக்வேர்ல்ட் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் 27001-லிருந்துதான் அனுப்புகிறார்கள். வெளியே போகும்போது இருவருக்கும் ஒரே ஐபி முகவரி. போர்ட்டும் ஒன்றாக இருந்தால் பதிலை யாரிடம் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. அதனால் அது தம்பியின் 27001-ஐ அழித்துவிட்டு வேறு ஏதாவதோர் எண்ணை எழுதி அனுப்பி, அந்த மாற்றத்தைத் தன் அட்டவணையில் குறித்து வைக்கும். சர்வருக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, எண் மாறாத வரைக்கும்.

எண் மாறியது. டிசிபியில் இணைப்பு தொடங்குவதற்கும் முடிவதற்கும் தெளிவான அடையாளங்கள் உண்டு. ரவுட்டர் அவற்றைப் பார்த்து அட்டவணையைப் பராமரிக்கலாம். யுடிபியில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லையென்றால் பேச்சு முடிந்தது என்று ரவுட்டர் தானாக முடிவு கட்டி வரியை அழித்துவிடும். மெதுவான கணினியில் அடுத்த களம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அமைதி நிலவினால் போதும். மறுபடி பாக்கெட் கிளம்பும்போது புதிய வரி, புதிய எண். சில மட்டமான ரவுட்டர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே எண்ணை மாற்றின. சர்வரின் பார்வையில் பழைய ஆள் மௌனமாகிவிட்டான், முன்பின் தெரியாத ஒருவன் நடுவில் வந்து பேசுகிறான். அவன் பாக்கெட்டுகளை அது தூக்கி எறியும். ஆட்டக்காரரின் திரையில் எல்லாம் உறைந்து நிற்கும்.

இதற்குக் கார்மாக் கண்ட தீர்வு இரண்டு பைட். ஆட்டக்காரரின் நிரல் தொடங்கும்போது தனக்கென்று ஏதாவதோர் எண்ணைத் தேர்ந்து, சர்வருக்கு அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டின் உள்ளேயும் அதை எழுதிவிடும். நிரலில் இதற்குக் கியூபோர்ட் என்று பெயர். ஐபி முகவரி பொருந்தி, கியூபோர்ட்டும் பொருந்தினால், வெளியே தெரியும் போர்ட் வேறாக இருந்தாலும் இது அதே ஆள்தான் என்று சர்வர் ஏற்றுக்கொள்ளும். பதிலைப் புதிய போர்ட்டுக்கு அனுப்பத் தொடங்கும். ஐபி முகவரியை மட்டும் பார்த்தால் அண்ணனும் தம்பியும் ஒருவராகிவிடுவார்கள். கியூபோர்ட் அவர்களைப் பிரித்து வைத்தது. இந்த இரண்டு பைட் ஆட்டக்காரரிடமிருந்து சர்வருக்குப் போகும் திசையில் மட்டுமே உண்டு. திரும்பி வரும் பாக்கெட்டில் கிடையாது, அங்கே தேவையும் இல்லை. மோடத்தின் ஒவ்வொரு பைட்டும் விலையுள்ளதாக இருந்த காலம்.

1999 டிசம்பரில் குவேக்கின் மூல நிரல் வெளியானபோது, மோசமான ரவுட்டர்களைச் சமாளிக்கவே இது என்ற விளக்கம் நிரலின் குறிப்பிலேயே எழுதியிருப்பதை எல்லோரும் படித்தார்கள். என் கணிப்பில் அந்தக் காலத்து இணைய நிரல்களிலேயே மிகத் தொலைநோக்கான இரண்டு பைட் அது. யார் பேசுகிறார்கள் என்பதற்கு வலையமைப்பு கொடுத்து வந்த உத்தரவாதத்தை இனி நம்ப முடியாது, அந்த அடையாளத்தைப் பேசுகிறவர்களே சுமந்து செல்ல வேண்டும் என்பதை ஒரு விளையாட்டு நிரல் முதல் வரிசையில் நின்று கண்டுகொண்டது. வலைத்தளங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் இந்த வலி அப்போது தெரியவில்லை. அவை டிசிபியில் பேசின, சில விநாடிகளில் வேலையை முடித்தன. பல மணி நேரம் இடைவிடாமல் யுடிபியில் பேசியது விளையாட்டுதான்.

27500-க்குப் பிறகு வந்த எண்கள் ஒரு குடும்ப மரம். 1997-இன் குவேக் 2-க்கு 27910, 1999-இன் குவேக் 3 அரீனாவுக்கு 27960. வால்வ் நிறுவனம் குவேக்கின் நிரலை உரிமம் வாங்கி அதன்மேல் ஹாஃப் லைஃபைக் கட்டியது. 1998 நவம்பரில் வந்த அந்த விளையாட்டின் சர்வர் எண் 27015. அதன்மேல் எழுந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கும் அதே எண்ணை வாங்கிக்கொண்டது. சென்னையிலும் கோவையிலும் பிரவுசிங் சென்டர்களில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடிய தலைமுறை சர்வர் முகவரிக்குப் பின்னால் தட்டிய 27015-க்குள் டெக்சாஸில் எழுதிய குவேக்கின் வாடை இருக்கிறது. குவேக் 3-இல் இன்னொரு சிறிய ஏற்பாடும் உண்டு. உள்ளூர் வலையமைப்பில் சர்வர் தேடும்போது 27960-ஐ மட்டும் கேட்காமல் அதில் தொடங்கி அடுத்தடுத்த நான்கு எண்களைக் கேட்கும். ஒரே கணினியில் நான்கு சர்வர் ஓட்டுகிறவர்களுக்காக.

ஆட்டக்காரர்கள் சர்வரைத் தேடிப் போகும் விளையாட்டுகளில் தொல்லை இவ்வளவோடு முடிந்தது. சர்வரே இல்லாமல் ஒருவர் கணினி மற்றவர் கணினியுடன் நேராகப் பேசும் விளையாட்டுகளின் பாடு இன்னும் மோசம். 1998 மார்ச் 31 அன்று வந்த ஸ்டார்கிராஃப்ட் அப்படிப்பட்டது. ஆள் தேடுவதும் அரட்டையும் பேட்டில்.நெட் சர்வரில் டிசிபி 6112 வழியே நடக்கும். ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் யுடிபி 6112-இல் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேச வேண்டும். எட்டுப் பேர் என்றால் 28 ஜோடிகள். அதில் ஒரு ஜோடிக்கு நடுவில் ரவுட்டர் குறுக்கே நின்றாலும் ஆட்டம் கெடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து 6112-க்கு வருவதை இந்தக் கணினிக்கு அனுப்பு என்று எழுதி வைக்கும் போர்ட் ஃபார்வர்டிங், உலகம் முழுக்கப் பள்ளி மாணவர்கள் கற்ற முதல் வலையமைப்புப் பாடம். ஆனால் ஓர் எண்ணை ஒரு கணினிக்குத்தான் எழுதி வைக்க முடியும். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர்தான் ஆட முடிந்தது. பிறகு வந்த வார்கிராஃப்ட் 3-இல் போர்ட்டை மாற்றிக்கொள்ள வழி செய்து, 6112 முதல் 6119 வரை பரப்பிக்கொண்டார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்பிளேயில் ஓடியது. அதற்கு 47624-உம், 2300 முதல் 2400 வரை நூற்றியொரு போர்ட்டுகளும் வேண்டும். ஒரு விளையாட்டுக்காக நூறு எண்களைத் திறந்து வைப்பது எவ்வளவு பெரிய விலை!

6112-க்கு வேறொரு சொந்தக்காரரும் இருந்தார். சன், ஹெச்பி, ஐபிஎம் போன்ற நிறுவனங்களின் யூனிக்ஸ் கணினிகளில் இருந்த சிடிஇ மேசைச்சூழலின் ஒரு சேவை அந்த எண்ணில்தான் பதிவாகியிருந்தது. 2001 நவம்பரில் அந்தச் சேவையில் கடுமையான ஓட்டை இருப்பதாகக் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட் அமைப்பு எச்சரித்தது. 2002 ஜனவரியில் அதைப் பயன்படுத்தித் தாக்குதல்கள் நடப்பதாக மறுபடி எச்சரித்தது. நிர்வாகிகள் பதிவேடுகளைப் பார்க்கும்போது 6112-க்கு வரும் பாக்கெட் தாக்குபவனுடையதா, ஆட்டக்காரருடையதா? சில விளையாட்டுகளும் இந்த எண்ணைப் பயன்படுத்துவதால் எல்லாமே தாக்குதல் என்று நினைக்க வேண்டாம் என்று செர்ட்டே தன் எச்சரிக்கையில் எழுத வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் இருப்பது ஒரு வழக்கம்தான். ஒரு நிரல் எந்த எண்ணைத் திறக்கிறது என்பதைத் தடுக்கும் அதிகாரம் அந்தப் பட்டியலுக்குக் கிடையாது.

இரண்டு பேரும் ரவுட்டர்களுக்குப் பின்னால் இருக்கும்போது நேராகப் பேச வழி இருக்கிறதா? இருக்கிறது, அழகான வழி. இருவரும் முதலில் ஒரு பொது சர்வருடன் பேசுவார்கள். இவர்களுடைய ரவுட்டர்கள் வெளியே என்ன முகவரி, என்ன போர்ட் காட்டுகின்றன என்று அந்த சர்வருக்குத் தெரிந்துவிடும். ஒருவருடையதை மற்றவருக்குச் சொல்லும். உடனே இருவரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்குவார்கள். முதல் பாக்கெட் எதிர்ப்பக்கத்து ரவுட்டரில் அடிபட்டுப் போகலாம், பரவாயில்லை. அது வெளியே போகும்போதே தன் ரவுட்டரின் அட்டவணையில் ஒரு வரி விழுந்துவிட்டது. இனி அந்தப் பக்கத்திலிருந்து வருவதை ரவுட்டர் பதில் என்று எண்ணி உள்ளே விடும். விளையாட்டுகளுக்காக இந்த உத்தியை முதலில் எழுதி விளக்கியவர்களில் டான் கெகல் ஒருவர். பிரையன் ஃபோர்டும் பைடா சிறீசுரேஷும் அவரும் சேர்ந்து 2005-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் கொடுத்த ஆய்வுக் கட்டுரையில், சோதித்த ரவுட்டர்களில் ஏறக்குறைய 82 சதவீதம் யுடிபியில் இதற்கு இடம் கொடுத்தன. மீதமுள்ளவை ஒவ்வொரு எதிராளிக்கும் வேறு வேறு போர்ட் எண் கொடுப்பவை போன்றவை. பொது சர்வர் பார்த்துச் சொன்ன எண் அங்கே பயன்படாது. 2002 நவம்பரில் 3074-ஆம் போர்ட்டில் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆட்டக்காரர்களுக்குக் காட்டும் ‘ஓப்பன்’, ‘மாடரேட்’, ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற மூன்று சொற்கள் உங்கள் ரவுட்டர் இதில் எந்த ரகம் என்பதைத்தான் சொல்கின்றன. ரவுட்டர்கள் யுடிபி வரியை இரண்டு நிமிடத்துக்குள் அழிக்கக் கூடாது, ஐந்து நிமிடமாவது வைத்திருப்பது நல்லது என்ற விதி 2007-இல்தான் ஆர்எஃப்சி 4787-ஆக எழுத்தில் வந்தது. கியூபோர்ட்டுக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து.

இந்த எண்களுக்கு இருண்ட பக்கமும் உண்டு. குவேக் சர்வர்கள் யார் கேட்டாலும் பதில் சொல்லும். எல்லா பிட்டும் 1-ஆக இருக்கும் நான்கு பைட்டுகள், அதன் பின்னால் குவேக் 3-இல் ‘கெட்ஸ்டேட்டஸ்’ என்ற சொல். சர்வரின் விவரங்களும் ஆடுகிறவர்களின் பெயர்களும் திரும்பி வரும். சர்வர்களைத் தேடித் தரும் மென்பொருள்கள் வளர்ந்தது இந்த வெளிப்படைத்தன்மையால்தான். ஆனால் யுடிபி பாக்கெட்டில் அனுப்புபவர் முகவரியைப் பொய்யாக எழுதலாம். ஒருவன் வேறொருவருடைய முகவரியைப் போட்டு ஆயிரம் சர்வர்களிடம் கேட்டால் ஆயிரம் பதில்களும் அந்த அப்பாவியின் தலையில் கொட்டும். 2014 ஜனவரியில் யுஎஸ்-செர்ட் இப்படிப் பெருக்கித் தரும் நெறிமுறைகளைப் பட்டியலிட்டபோது குவேக்கும் அதில் இருந்தது. அனுப்பிய அளவைப்போல் 63.9 மடங்கு. ஆட்டத்தில் சேருவதற்கு மட்டும் குவேக்வேர்ல்டுக்குப் பின்வந்த விளையாட்டுகள் கெட்டிக்காரத்தனமாக இருந்தன. சேர வேண்டும் என்று கேட்டால் சர்வர் முதலில் ஓர் எண்ணை அனுப்பும்; அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் உள்ளே விடும். பொய் முகவரி போட்டவன் கையில் அந்த எண் வந்து சேராது.

2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 வெளியானது. க்விக் என்ற அந்த நெறிமுறை யுடிபியின் மேல் ஓடுகிறது. எச்டிடிபியின் மூன்றாம் பதிப்பு அதன் மேல்தான் நிற்கிறது. நீங்கள் கைபேசியில் ஒரு காணொளி பார்த்துக்கொண்டே வீட்டைவிட்டு இறங்குகிறீர்கள். வைஃபை போய் மொபைல் டேட்டா வருகிறது. உங்கள் முகவரியும் மாறுகிறது, போர்ட்டும் மாறுகிறது. க்விக்கில் இணைப்பு அறுவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டின் உள்ளேயும் 20 பைட் வரை நீளக்கூடிய இணைப்பு அடையாள எண் ஒன்றை எழுத இடம் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் எந்த எண் எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்து சர்வர் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். குவேக்வேர்ல்டில் இரண்டு பைட்டில் நடந்த வேலை இப்போது வலைத்தளங்களுக்கும் வந்துவிட்டது. கியூபோர்ட் ஐபி முகவரி மாறினால் கைவிட்டுவிடும். க்விக் அதையும் தாங்கும். புதிய முகவரியை அது கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் இல்லை. எட்டு பைட் நீளமுள்ள, ஊகிக்க முடியாத ஓர் எண்ணை அங்கே அனுப்பி, திருப்பிச் சொல் என்கிறது. சரியான பதில் வரும்வரை, அந்த முகவரியிலிருந்து வந்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஒரு பைட்டும் அங்கே அனுப்பக் கூடாது என்பது விதி.